சூடானால் நடக்காத மெஷின்

1

போன வாரம் பதிவைப் புதுப்பிக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்து, அகதி முகாமுக்கு வெளியே குடியிருப்பவர்கள் நாங்கள். அதனால் அவ்வப்போது போய் முகத்தைக் காட்டி, விலாசம் மாறவில்லை என்று சொல்லி, கையெழுத்து வைத்துவிட்டு வர வேண்டும். மேசையில் புதிதாக ஒருவர் இருந்தார். இளவயது.

"இன்னா வேலை பண்றீங்க?"

"ட்ராக்டர் ஓட்டுறன் ஐயா."

"அடையாறுல ஏது வயலு?"

"வயல் இல்லை ஐயா. புல்லு வெட்டுறது."

அவர் பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "யோவ், இங்க வாய்யா. புல்லு வெட்ட ட்ராக்டராம்." இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன். பிறகு அவர், "அட்ரஸ் அதேதானா?" என்று கேட்டார். "அதேதான் ஐயா" என்றேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், போன வருடம் இதே நாட்களில் அந்தப் பதிலைச் சொல்ல முடியாமல் போகப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அதை எழுதலாம் என்று தோன்றியது. நிலமே இல்லாத இடத்தில் உனக்கு என்ன ட்ராக்டர் வேலை என்று ஊரிலிருந்து கேட்டவர்களுக்கும் இது பதிலாக இருக்கும். நான் ஓ.எல். வரை, இங்கத்தைய கணக்கில் பத்தாம் வகுப்பு வரை, படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கத் தயங்குவேன். தாளில் என்றால் கொஞ்சம் பரவாயில்லை, யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

2

நான் வேலை செய்வது அடையாற்றில், ஆற்றை ஒட்டி இருக்கும் ஒரு பழைய விளையாட்டுச் சங்கத்தில். நடுவே மைதானம், சுற்றிவரத் தூங்குமூஞ்சி மரங்கள், ஆற்றுப் பக்கம் இறங்கும் பெரிய சரிவு. எல்லாம் புல். முன்பு மைதானத்து உருளையை மாடு இழுத்ததாம், புல்லை ஆள் வைத்து வெட்டினார்களாம். அமெரிக்காவில் இருந்து திரும்பிய ஓர் உறுப்பினர் தன் தோட்டத்துப் புல் வெட்டும் ட்ராக்டரையும் கப்பலில் கொண்டுவந்து, இங்கே வைத்துக்கொள்ள இடமில்லாமல் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். சிவப்பு நிறம். நம்முடைய உழவு மெஷின் பசு என்றால் இது அதன் கன்று. வயிற்றுக்கு அடியில் புல் வெட்டும் தட்டு.

ஊரில் மெஷின் ஓட்டியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் கிளச் இல்லை, கியரும் இல்லை. வலது காலுக்கு இரண்டு மிதி. ஒன்றை அழுத்தினால் முன்னே போகும், மற்றதை அழுத்தினால் பின்னே வரும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம். எஞ்சின் ஒரு பெல்ட்டைச் சுற்றுகிறது, பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது, பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, அந்த எண்ணெயின் தள்ளுதலில் சக்கரம் சுற்றுகிறது. பல்லோடு பல் கடிக்கும் சக்கரங்கள் வழியாக வரவேண்டிய பலமெல்லாம் இதில் எண்ணெய் வழியாக வருகிறது. முதல் நாள் என் இடது கால் பகல் முழுக்கக் கிளச்சைத் தேடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டால் மெஷினைக் கையால் தள்ள முடியாது. உள்ளே அடைபட்ட எண்ணெய் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தள்ள வேண்டுமென்றால் பின்பக்கம் குமிழ் வைத்த ஒரு கம்பி இருக்கிறது, அதை வெளியே இழுத்துவிட வேண்டும். எண்ணெய்க்கு ஒரு குறுக்கு வழி திறக்கும், மெஷின் உருளும். மறுபடி ஓட்டுவதற்கு முன் கம்பியை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

வேலையோடு ஓர் அறையும் கிடைத்தது. பம்ப் அறைக்குப் பின்னால், சமைக்க ஒரு குசினி, வாசலில் தண்ணீர்க் குழாய். அது எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை, அதற்கு முன் வீடு தேடிய கதையைச் சொன்னால்தான் விளங்கும். தி.நகரில் ஒரு வீட்டுத் தரகர் எங்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது, "சார், நீங்க வாயைத் தொறக்காதீங்க. நீங்க பேசினா வீடு கிடைக்காது" என்றார். அப்போது எங்கள் ஆட்கள் எல்லோரையும் சந்தேகப்பட்ட காலம். சிலோன் என்றால் கதவைப் பாதி சாத்துவார்கள். நானும் என் மனைவி புவனமும் ஊமைகள்போல் நிற்போம். மகள் வதனிதான் கதைப்பாள். அவளுக்கு அப்போதே இந்த ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "ஆன்ட்டி, தண்ணி டெய்லி வருமா?" என்று கேட்பாள். வீட்டுக்காரர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு அப்பா என்ன வேலை என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள். நான் ஒரு சொல் சொல்வேன். அதோடு முடிந்துவிடும்.

3

ஆயுத பூஜைக்கு முன் மெஷினுக்கு வேண்டியதெல்லாம் செய்து முடிப்பது என் வழக்கம். போன வருடமும் பிளேடு தீட்டி, பெல்ட் பார்த்து, பம்பின் எண்ணெயை மாற்றினேன். பூஜையன்று எனக்கு லீவு. வதனிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறதென்று மூன்று பேரும் நங்கநல்லூர் ஆஞ்சநேயரிடம் போயிருந்தோம். பூஜை வேலையை மாரி பார்த்துக்கொண்டான். மாரி எங்கள் சங்கத்துத் தோட்டக்காரன், ஊரூர் குப்பத்தில் வீடு. என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், என்னைவிடப் பத்து மடங்கு கதைப்பவன்.

இங்கே பூஜையில் வைத்த மெஷினை அன்று தொடமாட்டார்கள். மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அப்புறம்தான் ஓட்ட வேண்டும். அப்படியே செய்தேன். மைதானத்தில் நன்றாகத்தான் ஓடியது. வெயில் ஏறியது, மெஷினும் சூடானது. ஆற்றுச் சரிவில் ஏறும்போது வேகம் குறைந்தது. மிதியை இன்னும் அழுத்தினேன். எஞ்சின் உறுமியது. மெஷின் நின்றுவிட்டது. கால் தரைவரை அழுத்தியிருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் அசையவில்லை.

இறங்கி மர நிழலில் காத்திருந்தேன். சூடு ஆறியதும் மெஷின் ஒன்றுமே நடக்காததுபோல் கொட்டகைக்குத் திரும்பி வந்தது. மறுநாளும் அதேதான். குளிரில் நடக்கும், சூட்டில் நிற்கும்.

"திருஷ்டிண்ணாத்த" என்றான் மாரி. "செவப்பா, பள்பளன்னு கீதுல்ல. பூஜைக்கு வந்த அத்தினி பேரும் கண்ணு வச்சிட்டானுங்க. இன்னொரு பூசணிக்காய் சுத்தி ஒடச்சா சரியாப்பூடும்."

"ஒன்று உடைச்சதுதானே?"

"அது சின்னதுண்ணாத்த."

4

டீசல் கிடைக்காமல் ஊரில் நீங்கள் மண்ணெண்ணெயில் மெஷின் ஓட்டுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். தேவையான எண்ணெய் எல்லாம் கடையில் கிடைக்கிற நகரத்தில் இருந்துகொண்டு ஒருவன் இப்படி முழித்தான் என்று படித்தால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்களுக்கு ஒரு மெஷின் பழுதானால் பக்கத்து வயல்காரனிடம் அதேபோல் இன்னொன்று இருக்கும், திறந்து பார்க்கலாம். இங்கே இந்த ஊர் முழுவதிலும் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் பெல்ட்டைச் சந்தேகித்தேன். பெல்ட் வழுக்கினால் இப்படி நிற்கும். ஆனால் பம்பின் தலையில் ஒரு சின்ன விசிறி இருக்கிறது, பெல்ட் சுற்றினால்தான் அதுவும் சுற்றும். மெஷின் நின்றபோது குனிந்து பார்த்தேன். விசிறி சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியானால் பெல்ட்டில் குற்றமில்லை, பம்ப் வரைக்கும் பலம் வருகிறது. அதற்குப் பிறகுதான் எங்கோ தொலைகிறது.

அடுத்தது சூடு. பம்பைச் சுற்றியுள்ள இடுக்குகளில் காய்ந்த புல் அப்பியிருந்தது. குச்சியால் கிண்டி, பிரஷ் போட்டுச் சுத்தம் செய்தேன். கொஞ்சம் அதிக நேரம் ஓடியது, பிறகு நின்றது.

அப்புறம் எண்ணெய். எண்ணெய்த் தொட்டியில் அளவு சரியாக இருந்தது. ஆனால் எண்ணெயை மாற்றியவன் நான். மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை.

செகரட்டரி சாரும் அதையே பிடித்துக்கொண்டார். மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஓய்வு பெற்றவர், சம்பளமில்லாமல் சங்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். கோபக்காரர் இல்லை. ஆனால் மழை தொடங்கிப் புல் முழங்காலைத் தொடப் போகிறது, அவருக்கும் மேலே கமிட்டி இருக்கிறது.

"லிங்கம், நீங்கதானே ஆயில் மாத்தினேள்?"

"ஓம் சார்."

"அதுக்கு முன்னாடி ஓடிண்டு இருந்ததோன்னோ?"

"ஓடினது சார்."

"அப்பறம் என்ன? வேற ஏதோ ஆயிலை விட்டுட்டேள்."

மெஷினைக் கொடுத்தவர் சொன்ன அதே எண்ணெயைத்தான் விட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரி சார்" என்றுதான் வந்தது. அவர் போன பிறகு, புதிய எண்ணெயை முழுவதும் வடித்து, வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்து, வெயிலில் வைத்து விரலால் துழாவிப் பார்த்தேன். பம்ப் தேய்ந்து செத்திருந்தால் எண்ணெயில் உலோகப்பொடி மினுங்கும். ஒன்றும் மினுங்கவில்லை. தேன்போல் சுத்தமாக இருந்தது. அதையே வடிகட்டித் திரும்ப விட்டேன்.

மவுண்ட் ரோட்டில் ஒரு பட்டறையிலிருந்து செகரட்டரி சார் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் மெஷினை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பம்ப் போயிட்ச்சி சார். இதுக்கு ஸ்பேர் இந்தியாவுலயே கெடையாது. புதுப்பேட்டையில பழைய எரும்பு வெலைக்குக் கேப்பாங்க, குட்த்துடுங்க."

நான் பின்னால் நின்றேன். வாளியில் மினுக்கம் இல்லை என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னேன், ஆனால் மெல்லச் சொன்னேன். மெக்கானிக் திரும்பிப் பார்த்து, "நீங்க சிலோனா?" என்றார்.

செகரட்டரி சார் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. புல் வெட்டுகிற வேலையை ஒரு காண்ட்ராக்டருக்குக் கொடுத்துவிடலாம் என்று தலைவர் சொல்கிறார். காண்ட்ராக்டர் தன் ஆட்களோடு வருவார், தன் காவல்காரனுக்குத் தங்க இடம் கேட்கிறார்.

"அந்த ரூம்தான் இருக்கு" என்றார் செகரட்டரி சார், என் முகத்தைப் பார்க்காமல்.

5

புவனத்திடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது, மேல்தட்டில் இருந்த பாத்திரங்கள் சாக்குக்குள் போயிருந்தன.

"என்னத்துக்கு இப்பவே கட்டுறாய்?"

"முந்தி ஒருக்கா கட்ட நேரமில்லாமல்தானே வந்தனாங்கள்" என்றாள். "இந்த முறையாவது ஆறுதலாய்க் கட்டுவம்."

வதனி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சாக்கைப் பார்த்தாள். பையை இறக்கவில்லை.

"இன்னாம்மா இது? நா எங்கயும் வர்ல. எக்ஸாம் முடியட்டும்."

"வடிவாய்க் கதை பிள்ளை. இன்னாவாம் இன்னா."

"இப்படிப் பேசினாத்தாம்மா இங்க வீடு குடுப்பாங்க!"

மகள் நம்மிடமிருந்து விலகிப் போகிறாள் என்று புவனம் அடிக்கடி சொல்வாள். பாட்டிலும், படிக்கிற புத்தகத்திலும், ரிப்பன் கட்டுகிற விதத்திலும் அவளுக்கு அது தெரியும். எனக்கு அப்படித் தெரிந்ததில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரே வண்டியில்தான் இருக்கிறோம், அவள் மட்டும் முன்சீட்டில் ஏறி வழி கேட்டுக்கொண்டு வருகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அன்று அவள் பையை இறக்காமல் வாசலில் நின்ற நிலை என்னை உலுக்கியது. இன்னொரு பள்ளிக்கூடம், இன்னொரு விண்ணப்பம், இன்னொரு முறை பிறந்த சான்றிதழ் எங்கே என்ற கேள்வி. அதுவும் பரீட்சை வருடத்தில்.

சோற்றை அரைகுறையாக வைத்துவிட்டு எழுந்தேன்.

"எங்கையப்பா?" என்றாள் புவனம்.

"மெஷினடிக்கு."

"அதுதான் செத்துப் போச்செண்டு சொல்லிட்டாங்களே?"

"சொன்னவர் எண்ணெயைப் பார்க்கேல்லை. நான் பார்த்தனான்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது.

6

வெள்ளிக்கிழமை செகரட்டரி சார் பார்க்க வந்தார். இடுக்கெல்லாம் மறுபடி கழுவி, மிதியிலிருந்து பம்புக்குப் போகும் இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்து, தளர்ந்த ஒன்றை முடுக்கியிருந்தேன். அதுதான் குற்றம் என்று நம்பினேன். மைதானத்தில் ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு சரிவுக்குப் போனேன். பாதி ஏறியது. நின்றது. எஞ்சின் மட்டும் உறுமுகிறது.

செகரட்டரி சார் குடையை விரித்தார். "விடுங்கோ லிங்கம். நீங்களும் எவ்வளவுதான் பார்ப்பேள்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு அலுவலகப் பக்கம் போனார்.

ஆற்றுக்கு மேலே வானம் கறுத்திருந்தது. மற்ற நாட்களில் மெஷின் ஆறும்வரை காத்திருந்து ஓட்டிக்கொண்டு வருவேன். அன்று காத்திருந்தால் மழையில் நனையும். எஞ்சினை நிறுத்தி, மெல்லப் பின்னால் உருட்டி, சரிவின் அடியில் சமதரைக்குக் கொண்டுவந்தோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் தள்ள, மாரி பின்னாலிருந்து தள்ளினான். கொட்டகையை நோக்கிப் போனோம். அவனால் பேசாமல் தள்ள முடியாது.

"இன்னாண்ணாத்த இது, இன்னிக்கு ரெண்டே பேரு, பால் வண்டி கணக்கா போய்க்கினு கீது. பூஜ அன்னிக்கு நாலு பேரு தள்ளினோம், சாமியாட்டம் குந்திக்கினு நவுரவே இல்ல. அப்பால தான் நீ சொன்ன கம்பி ஞாபகம் வந்துச்சி. இஸ்த்து வுட்டதும் போச்சி."

நான் நின்றுவிட்டேன். மெஷின் என்னை விட்டு ஒரு முழம் முன்னே போனது.

"மாரி, இப்ப நீ கம்பியை இழுத்தனியோ?"

"இல்லியே. நீ இஸ்த்திருப்பன்னு..."

"நான் இழுக்கேல்லை."

இரண்டு பேரும் பின்னால் போய்ப் பார்த்தோம். குமிழ் உள்ளேதான் இருந்தது. இந்த ஒரு வாரத்தில் நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளேதான் இருந்திருக்கிறது. ஆனால் கம்பி உள்ளே இருந்தால் இந்த மெஷின் உருளக் கூடாது. உருளுகிறது என்றால், எண்ணெயின் குறுக்கு வழி எங்கோ திறந்திருக்கிறது. முழுக்கத் திறந்திருந்தால் ஓடவே ஓடாது. கொஞ்சம் திறந்திருந்தால்? குளிர்ந்த எண்ணெய் கெட்டி, அந்தச் சின்ன வழியில் அவ்வளவாக ஓடாது, மெஷின் நடக்கும். சூடானால் எண்ணெய் தண்ணீர்போல் இளகும். எல்லாம் அந்த வழியாகவே ஓடிவிடும். சரிவில் பாரம் கூடும்போது சக்கரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

"பூஜையண்டைக்கு ஏன் தள்ளினீங்கள்?"

மாரி தலையைச் சொறிந்தான். சந்தனம் குங்குமம் வைத்து முடித்த பிறகு செகரட்டரி சாருடைய மனைவி வந்திருக்கிறார். சாமி படம் கிழக்கே பார்க்கவில்லை, மாற்றி வையுங்கள் என்றிருக்கிறார். படத்தை மாற்றினால் மெஷினையும் மாற்ற வேண்டும். பொட்டு வைத்த மெஷினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஆகவே தள்ளியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்த அம்மா, முன்னால் மட்டும் மாலை இருக்கிறதே, பின்னாலும் ஒன்று போடக் கூடாதா என்று கேட்டிருக்கிறார்.

"பின்னாடி மாட்டறதுக்கு ஒரு ஆணி கூட இல்லண்ணாத்த. அந்தக் கம்பிதான் வெளிய நீட்டிக்கினு இருந்துச்சி. அதுல நல்லா ரெண்டு சுத்து சுத்திக் கட்டிட்டேன். அப்பால ஞாபகம் வந்து, கம்பிய உள்ள தள்ளிட்டேன். சத்தியமா தள்ளிட்டேன். மறுநாளு மாலைய அறுத்து எடுத்துட்டேன்."

முதல் தூறல் விழுந்தது. மெஷினைக் கொட்டகைக்குள் ஓடித் தள்ளிவிட்டு நான் அடியில் படுத்தேன். கம்பி தகட்டுத் துளை வழியாக உள்ளே வந்து, பம்பின் பக்கவாட்டில், எண்ணெயின் குறுக்கு வழியைத் திறந்து மூடும் ஒரு சின்ன நெம்புகோலில் முடிகிறது. அந்த மூட்டில் விரலை விட்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குச் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் சுரண்டி இழுத்தேன். வாழைநார். மாலையின் பூவெல்லாம் போய், கட்டிய நார் மட்டும் கம்பியோடு உள்ளே போய், மூட்டில் உருண்டைகட்டி, மேலே அப்பியிருந்த சந்தனத்தோடு காய்ந்து மரம்போல் இறுகியிருந்தது. அதனால் நெம்புகோல் கடைசிவரை போய்ச் சேரவில்லை. ஒரு நெல்மணி நீளம் குறை. வெளியே இருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

நாரை அறுத்து எடுத்து, சந்தனத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். "இப்ப தள்ளு" என்றேன். மாரி குமிழைத் தள்ளினான். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். வாரம் முழுவதும் நான் கேட்காத சத்தம்.

வெளியே வந்து, "மெஷினைத் தள்ளு" என்றேன்.

மாரி தள்ளினான். நானும் சேர்ந்து தள்ளினேன். முக்கினோம். முதுகைக் கொடுத்துப் பார்த்தோம்.

"நவுர மாட்டேங்குதுண்ணாத்த!" என்று கத்தினான் மாரி. ஒரு வண்டி அசையவில்லை என்பதற்காக இரண்டு மனிதர்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டதை யாராவது பார்த்திருந்தால் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ.

கொஞ்சம் பொறுத்து அவன் முகம் மாறியது. "அப்ப, நான்தான் கெடுத்தனா?"

"நாரும் சந்தனமும் கெடுத்தது. நீ இல்லை."

7

சனிக்கிழமை காலையில் செகரட்டரி சார் வந்ததும் மெஷின் சரியாகிவிட்டது என்று சொன்னேன். என்ன ரிப்பேர் என்று கேட்டார். நான் மாரியைப் பார்த்தேன். மாரியைச் சொன்னால் அவன் வேலைக்குப் பங்கம், சொல்லாவிட்டால் நான் விட்ட எண்ணெய்தான் குற்றம் என்று நின்றுவிடும். எது சரி என்று நான் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மாரி முந்திக்கொண்டான்.

"நான்தான் சார். மாலைய அந்தக் கம்பில கட்டிட்டேன். நாரு உள்ள பூந்துக்கிச்சி. அண்ணாத்த எண்ணெயில ஒண்ணும் தப்பு இல்ல."

செகரட்டரி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னாடி ஒரு மாலை போடச் சொன்னது எங்காத்து மாமிதானே?"

மாரி வாய் திறக்கவில்லை. அவன் வாய் திறக்காமல் நின்றதை நான் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

"சரி, ஆத்துல இது தெரிய வேண்டாம்" என்றார் செகரட்டரி சார். "உங்க ஆயிலைப் பத்தி நான் சொன்னதும் தப்பு லிங்கம். ஆனா கமிட்டில நான் ஒருத்தன் சொன்னாப் போறாது. அந்த மெக்கானிக் பம்ப் போயிடுத்துன்னு சொன்னதை எல்லாருக்கும் சொல்லிட்டேனே. காண்ட்ராக்டர்கிட்ட தலைவர் ஏறக்குறைய வாக்கே குடுத்துட்டார்."

"கமிட்டி எத்தினை மணிக்கு சார்?"

"பத்து மணிக்கு. மாடி ஹால்ல."

மாடி ஹாலின் ஜன்னல்கள் ஆற்றுச் சரிவைப் பார்த்து இருக்கின்றன. மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான் சொன்னேன்: "நாளைக்குச் சரிவை வெட்டுறன் சார்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நடுவுல நின்னுடுத்துன்னா, நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் சார்."

உண்மையில் எனக்குப் பயம் இருந்தது. அந்த வாரம் முழுக்கச் சூட்டில் நிற்க நிற்க நான் மிதியை அழுத்தியிருக்கிறேன். பம்ப் உள்ளே என்ன பாடுபட்டதோ. எண்ணெயில் காற்றும் கலந்திருக்கலாம். சனிக்கிழமை மீதி நேரம் முழுவதும் முன்னும் பின்னும் மெல்ல நடத்திப் பார்த்தேன். மழை விட்ட பிறகு மைதானத்தில் மட்டும் ஓட்டினேன். சரிவில் ஏற்றிப் பார்க்கவில்லை. ஈரத்தில் வழுக்கும் என்று மாரியிடம் காரணம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. சரிவில் நின்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மெஷினை எடுக்கவே எனக்குக் கை வராது.

ஞாயிறு காலை வெயில் சுள்ளென்று அடித்தது. கமிட்டிக்காரர்களின் கார்கள் வரும் முன்பே மைதானத்தைச் சுற்றி ஓட்டி, மெஷினை வேண்டுமென்றே நன்றாகச் சூடாக்கினேன். குளிர்ந்த மெஷினைச் சரிவில் ஏற்றிக்காட்டினால் அது ஏமாற்று. ஜன்னல்கள் திறந்தன. வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. தட்டை இறக்கி, சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி முதல் வரியைத் தொடங்கினேன்.

பாதிச் சரிவில், எப்போதும் நிற்கிற இடத்தில், எஞ்சின் சத்தம் கனத்தது. என் கால் தானாக இன்னும் அழுத்தப் பார்த்தது. அழுத்தவில்லை. அதே அளவில் பிடித்தேன். புல் உயரம், ஈரம், தட்டு தின்னத் திணறியது. ஆனால் சக்கரம் நிற்கவில்லை. மேலே ஏறி, திரும்பி, இறங்கி, மறுபடி ஏறினேன். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். பிறகு பிடிக்க மறந்துவிட்டேன்.

ஒரு திருப்பத்தில் எங்கள் அறைப் பக்கம் பார்த்தேன். புவனம் வாசலில் ஈரத்தலையோடு நின்றாள். வதனி மரத்தடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாரி ஒரு வாளித் தண்ணீரோடு சரிவின் ஓரம் நின்றான். எதற்கு அந்தத் தண்ணீர் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

மாடியில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஜன்னலில் சில நேரம் தலைகள் வந்து போயின. தலைவர் ஒரு முறை வந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. வரியைப் பார்த்தேன். வரி கோணலானால் பிறகு சீராக்க முடியாது.

சரிவு முடிகிற நேரத்தில் செகரட்டரி சார் படியிறங்கி வந்து, கீழே வெளி வராந்தாவில் நின்று கையை ஆட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தேன். அணைக்கப் பயம்.

"காண்ட்ராக்ட் பேச்சு இப்போ இல்லேன்னுட்டா" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு கையை நீட்டிச் சரிவின் மூலையைக் காட்டினார். "அந்த வேப்பமரத்தடியில ஒரு திட்டு விட்டுப்போச்சு பாருங்கோ."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். வேரைச் சுற்றி ஒரு பாய் அளவு புல் நின்றது.

"ஓம் சார்" என்று கத்திச் சொல்லிவிட்டு, மெஷினைத் திருப்பி மேலே ஏற்றினேன்.